கம்பத்தடியில் நின்று பேசியவள்

1

நான் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் மூன்று ஊர்களின் தெருக்களை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பார்க்கிறேன். மழை பெய்தால் எனக்கு மூன்று முறை தெரியும். முதலில் மேற்கே இருக்கும் ஊரின் திரையில் தூறும், கால் மணி நேரம் கழித்து எங்கள் ஊரில், அப்புறம் கிழக்கே.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில், வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிறிய ஊர்கள் அவை. முன்பு ஒவ்வொரு ஊர் நகராட்சியும் தனித்தனியாகக் கேமரா வைத்து, தனித்தனியாக ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் பற்றாமல் பாதி நேரம் திரைகள் மட்டும் ஓடும், பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு மூன்று நகராட்சிகளும் கூடிப் பேசி ஒரே அறையாகச் சேர்த்துக்கொண்டன. அந்த அறையில் நான் சேர்ந்து சென்ற மாதத்தோடு பத்து வருடம் ஆயிற்று. கூட வேலை பார்க்கும் ஜூடித் கேக் வாங்கி வந்தாள்.

சேர்ந்த புதிதில் நான் செய்த கூத்துகளை ஜூடித் இன்னும் மறக்கவில்லை. ஒரு நாள் கடைத்தெருக் காவலாளி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, ஒரு கடைக்காரர் எங்கே என்று கேட்டார். அவர் வெளியூர் போயிருப்பது எனக்குத் தெரியும். நம் ஊர் வழக்கப்படி "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனிதர் ரயில் நிலைய வாசலில் பத்து நிமிடம் அவரைத் தேடினார். நானே அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன், எதைத் தேடுகிறார் என்பது புரியாமல்!

கேக் வெட்டிய அன்று அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பணியாளர் விவரங்களைப் புதுப்பிக்கிறார்களாம். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் நான்கு கோடுகள் இருந்தன. தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் உருது என்று மூன்றை நிரப்பினேன். நான்காவது கோட்டில், சற்று யோசித்து, "என் அக்காவின் மொழி" என்று எழுதினேன். இரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது. அப்படி ஒரு மொழி பட்டியலில் இல்லை, சரியான பெயரைக் குறிப்பிடவும் என்று பணிவாக ஒரு குறிப்பும் இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, உலகத்தில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும் என்று பதில் போட்டேன். பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் இந்த வேலை எனக்குக் கைவந்ததே அந்த நான்காவது மொழியால்தான். தெருக் கேமராக்களுக்குச் சத்தம் கிடையாது. இரண்டு பேர் நின்று பேசினால் சண்டையா சிரிப்பா என்பதைத் தோளையும் கையையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பயிற்சி எடுத்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதுதான் வீட்டுப் பேச்சு. இந்த ஆடி மாதம் ஊருக்குப் போனபோது நடந்ததை எழுத வேண்டும் என்று அந்தப் படிவம்தான் என்னை உட்கார வைத்தது.

2

ஜமீலா அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. ராஜபாளையத்தில் அத்தா கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருந்தார். இப்போது தம்பி ரஹீம் நடத்துகிறான். அக்கா பள்ளிக்கூடம் போனது இரண்டு மாதமோ என்னவோ. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் காது கேளாத பிள்ளைக்கென்று பள்ளிக்கூடம் இல்லை. விடுதியில் கொண்டுபோய் விட அம்மாவுக்கு மனசு வரவில்லை. அதனால் அம்மாவும் அக்காவும் வீட்டுக்குள்ளேயே, ஒவ்வொரு சொல்லாக, கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள்.

அதில் ஊர்களுக்குப் பெயர் உண்டு, ஆட்களுக்குப் பெயர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் நம் எல்லோருக்கும் கோபுரம் ஞாபகம் வரும். அக்கா காதைத் தொட்டுவிட்டு வெறுங்கையை விரித்துக் காட்டுவாள். ஐந்து வயதில் அவளை அங்கே ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அதுதான் அந்த ஊருக்கு அவள் வைத்த பெயர். இதில் வருத்தமெல்லாம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாமா என்று கேட்கும்போது முகமெல்லாம் சிரிப்பாகத்தான் அந்தக் கையை விரிப்பாள்.

எனக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் கடைப் படியில் விழுந்தது. ஆள்காட்டி விரலால் இடது புருவத்தை ஒரு முறை இழுத்தால், அது நான். ஷமீமா என்ற பெயர் அதற்குப் பிறகுதான்.

3

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். ரஹீமின் கைபேசியில்தான். மற்ற நாளில் அது அவனோடு கடையில் இருக்கும். அவன் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அக்காவின் இரண்டு கையும் திரைக்குள் தெரிய வேண்டும். நடுவே ரஹீமின் பிள்ளைகள் தலையை நீட்டுவார்கள். அக்கா ஒரு செய்தியை முடிப்பதற்குள் இணைப்பு உறைந்துவிடும். பாதி காற்றில் நிற்கும் அவள் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

என் மகள் ஹனாவுக்குப் பதினேழு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசினால் ஆங்கிலம் வந்துவிடும். பெரியம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டுவாள், எழுந்து போய்விடுவாள். கூப்பிட்டு உட்காரவைத்து அக்காவின் சொற்களைக் கற்றுத்தர எனக்கும் நேரம் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்று எழுதிவிட்டேன். ஒதுக்கவில்லை என்பதுதான் சரி.

இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, அங்கே எனக்கு என்ன வேலை என்று அக்கா கேட்டாள். ஒரு கம்பம் காட்டினேன். உச்சியில் ஒரு கண். தெருவில் நடக்கும் ஆட்கள். பிறகு என் வீட்டுத் தொலைக்காட்சியைக் காட்டி, அதன் முன் நான் உட்கார்ந்து பார்ப்பதுபோல் காட்டினேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. தெருவில் போகிற எல்லோரையுமா என்று கேட்டாள். எல்லோரையும்தான் என்றேன். ஆச்சரியத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எந்த ஊர்த் தெரு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

4

இந்த வருடம் கோடை விடுமுறையில் ஹனாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. போன முதல் வாரமே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் பார்க்கப் போகலாம் என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தேர் என்றால் உயிர். தேர் நகரும்போது தரை அதிரும். அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கு வரும் என்பாள். ஊரே போடும் சத்தத்தில் அவளுக்குக் கேட்கும் ஒரே சத்தம் அதுதான்.

ரஹீம் கடையை அடைத்துவிட்டு வந்தான். நான், அக்கா, ஹனா, அவன் என்று நான்கு பேர். எட்டு மணிக்கே ரதவீதி ஒன்றின் முனையில் போய் நின்றுவிட்டோம். வெறுங்காலோடு நின்றால்தான் நன்றாகத் தெரியும் என்று அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வடம் பிடித்து இழுத்தார்கள். அவ்வளவு பெரிய உருவம் அசைந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஹனா போனில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து பார்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் ஒரு அலைபோல் வந்து எங்களைச் சுவரோரம் ஒதுக்கியது. ஹனாவை இழுத்துப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா இல்லை.

முதல் பத்து நிமிடம் இங்கேதான் எங்கேயோ இருப்பாள் என்று நினைத்தோம். பிறகு பயம் வந்தது. அவளிடம் போன் கிடையாது. யாரிடமும் வழி கேட்க முடியாது. பின்னால் வண்டி வந்தாலும் ஆட்கள் கத்தினாலும் தெரியாது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தேர் பார்க்கும் அவசரத்தில் அரை இட்லிதான் சாப்பிட்டிருந்தாள். எங்கேயாவது மயங்கி விழுந்தால், அந்தக் கூட்டத்தில் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

தற்காலிகக் காவல் பந்தலில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். அவர் தாளை எடுத்து விவரம் எழுதினார். பெயர், வயது, சேலை நிறம். ரஹீம் பதற்றத்தில், "மைக்ல சொல்லுங்கம்மா, மைக்ல சொல்லுங்க" என்றான். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஜமீலா பீவி எங்கிருந்தாலும் காவல் பந்தலுக்கு வரவும். தெரு முழுக்க அவள் பெயர் கேட்டது, அவளைத் தவிர எல்லோருக்கும்.

அதற்குள் அந்த ஏட்டுக்கே புரிந்துவிட்டது. "காது கேக்காதவுகளுக்கு மைக்ல சொல்லி என்ன பிரயோசனம்? இப்ப ரெண்டு ஊருக் கேமராவையும் ராஜபாளையத்துல ஒரே ரூம்ல வச்சுப் பாக்காக. போட்டோவ நான் அனுப்புதேன். ஆனா இம்புட்டுக் கூட்டத்துல போட்டோவ வச்சுக் கண்டுபிடிக்கது கஷ்டம். அவிய நடை, நிக்கிற தோரணை தெரிஞ்ச ஆளு யாராவது நேர்ல போனா நல்லது" என்றார்.

ரஹீம் அங்கேயே தேட நின்றான். நானும் ஹனாவும் கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்து ஒரு ஆட்டோ பிடித்தோம்.

5

இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து நடத்தும் அந்த அறை ஒரு மாடியில் இருந்தது. படியேறும்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கடல் தாண்டிப் போய் நான் பார்க்கும் வேலை, என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஜன்னல் இல்லை. ஒரு பக்கம் ராஜபாளையம் என்று சீட்டு ஒட்டிய திரைகள், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். தேர் எட்டுத் திரைகளில் எட்டுக் கோணத்தில் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

வாசலில் ஒருவர் மறித்தார். கணேசன் என்று பெயர். தளவாய்புரத்துக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெளியாளுக உள்ள வரக் கூடாதும்மா. ரூல்ஸ் அது. அடையாளத்தச் சொல்லுங்க, நாங்க பாக்கோம்" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் அவர் சொன்னது சரி. நானும் யாரையும் உள்ளே விடமாட்டேன். "நானும் இதே வேலைதாங்க பாக்கேன், வெளிநாட்டுல. நீங்க சொல்லுதது சரிதான். வாசல்லயே நிக்கேன். பச்சை சேலை, அம்பத்தெட்டு வயசு, கையில செருப்ப வச்சிருப்பாக. காது கேக்காது, வாய் பேச வராது, கையாலதான் பேசுவாக" என்றேன்.

உள்ளே நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று திரும்பினாள். முப்பது வயதிருக்கும்.

"எப்படிப் பேசுவாக?" என்று கேட்டாள். பிறகு அவளே, தன் ஆள்காட்டி விரலை எடுத்து இடது புருவத்தின் மேல் மெதுவாக ஒரு முறை இழுத்தாள். "இப்படித் தொடங்குவாகளே, அவியளா?"

முன்பின் பார்த்திராத ஒருத்தி, என் பெயரை, எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த என் பெயரைச் சொல்கிறாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவிய தெனமும் வருவாகக்கா! காலையில ஒன்பது மணிக்கு, மார்க்கெட் முக்குக் கம்பத்தடியில வந்து நிப்பாக. கேமராவ அண்ணாந்து பாப்பாக. புருவத்த இப்படித் தொடுவாக. பொறவு அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் கையாலயே பேசுவாக. ரெண்டு வருசமா. ஒரு நா வரலைன்னா எனக்கு வேலையே ஓடாது."

அவள் பெயர் முத்துலட்சுமி, சோழபுரம். அவளுக்கு அன்றுவரை அக்காவின் பெயர் தெரியாது. முதலில் ஏதோ புகார் சொல்கிறார்கள் என்று நினைத்து ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். அக்கா சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாளாம். அதற்குப் பிறகு பதிவேட்டில் எழுதுவதை விட்டுவிட்டார்கள்.

காலையில் அவள் கீரை வாங்கப் போகிறாள் என்றுதான் ரஹீம் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கீரையும் வாங்கித்தான் வருவாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கம்பம், கண், தெரு, நான். எந்த ஊர்க் கம்பம் என்று நான் சொல்லாமல் விட்டது. அவளைப் பொறுத்தவரை உலகத்தின் எல்லாக் கம்பங்களின் உச்சியிலும் நான்தான் இருந்தேன்.

கணேசன் வாசலை விட்டு விலகினார். "உள்ள வாங்கம்மா. பெரியவுகட்ட நான் பேசிக்கிடுதேன்."

முத்துலட்சுமி ஏற்கெனவே திரைப்பக்கம் திரும்பியிருந்தாள். "கூட்டத்துல தேட வேணாம் அண்ணே. அவிய தொலைஞ்சா எங்க போவாக? கேமராவத்தான் தேடிப் போவாக. கம்பத்தடிய மட்டும் பாப்போம்."

நான் பத்து வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். அது எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு கேமராவாகத் தன் காலடியைக் குனிந்து பார்த்தது. முதல் கம்பத்தடியில் பலூன்காரர். இரண்டாவதில் தண்ணீர்ப் பந்தல். மூன்றாவதில் யாருமில்லை. ஐந்தாவது கம்பம், தேர் திரும்ப வேண்டிய முனையில் இருந்தது. அதன் அடியில் பச்சைச் சேலை. முகம் நேராக எங்களைப் பார்த்து அண்ணாந்திருந்தது. செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கை பேசிக்கொண்டிருந்தது.

"என்னக்கா சொல்லுதாக? ரெண்டு வருசமா ஒரு வார்த்தை புரியல எனக்கு."

நான் படித்துச் சொன்னேன். புருவம், அது நான். காது, வெறுங்கை, ஸ்ரீவில்லிபுத்தூர். கூட்டம். அடுத்து மீசையை முறுக்குவதுபோல் ஒரு சைகை, அது ரஹீம்.

"ரஹீமைக் காணோம். தொலைந்துவிட்டான். அவன் பயந்துபோயிருப்பான். நீ அங்கிருந்து பார்த்து அவனைக் கண்டுபிடி. நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்."

கணேசன் சிரித்தேவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஹனா என் தோளைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா பயப்படவே இல்லை என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். ஆமாம், துளி பயம் இல்லை. காலையில் பக்கத்தில் நின்ற நான் கம்பத்தின் உச்சியிலும் இருப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில், சத்தமே இல்லாத உலகத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்துத் திரையில் தேர் வந்துகொண்டிருந்தது. அந்த முனையில்தான் வடம் அகலமாக விரிந்து திரும்பும். முனையில் நிற்பவர்களைப் போலீஸ்காரர்கள் கத்தி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தினால் அவளுக்குக் கேட்காது. கணேசன் வயர்லெஸ்ஸை எடுத்தார். ஒரு இளம் காவலர் திரைக்குள் ஓடி வந்தார். அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். கையைப் பிடித்தார். உதறிவிட்டுக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நகரமாட்டேன் என்று எனக்குச் சொல்லிவிட்டாள், அதனால் நகரமாட்டாள்.

"ஐயோ, அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? நமக்கு அவளத் தெரியுது, அவளுக்கு நம்மளத் தெரியாதே" என்று நான் கத்தினேன்.

"தெரியும்க்கா" என்றாள் முத்துலட்சுமி. அவள் கை கேமராவைத் திருப்பும் குச்சிக்குப் போனது. குச்சியை முன்னும் பின்னும் இரண்டு முறை தள்ளினாள். திரையில் தெரு மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது, கீழே வந்தது.

கேமரா தலையாட்டியது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஒரு கையால் காவலரைக் காட்டி, இவரோடு போகட்டுமா என்று கேட்டாள். நான் அதைப் படித்துச் சொன்னேன். முத்துலட்சுமி கேமராவை மறுபடி தலையாட்ட வைத்தாள். உடனே அக்கா கம்பத்தை விட்டுவிட்டு, காவலரின் கையை அவளே பிடித்துக்கொண்டு, ஏதோ அவரைத்தான் பத்திரமாகக் கூட்டிப் போவதுபோல் நடந்தாள். இரண்டு நிமிடத்தில் அவள் நின்ற இடத்தை வடம் மூடியது.

"தெனமும் அவிய பேசி முடிச்சதும் இப்படித்தான்க்கா ரெண்டு தடவ ஆட்டுவேன்" என்றாள் முத்துலட்சுமி. குரல் தாழ்ந்திருந்தது. தப்புச் செய்ததை ஒப்புக்கொள்வதுபோல. "அப்பத்தான் சிரிச்சுக்கிட்டுப் போவாக. ஆட்டலைன்னா நின்னுக்கிட்டே இருப்பாக. வெயில்ல எம்புட்டு நேரம் நிக்க விட?"

எங்கள் அறையில் காரணமில்லாமல் கேமராவை அசைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பத்து வருடத்தில் ஒரு முறைகூட அப்படி அசைத்ததில்லை. இங்கே ஒருத்தி, இரண்டு வருடமாக, யார் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு, நான் இருப்பதாக அவள் நினைத்த இடத்திலிருந்து தினமும் பதில் சொல்லியிருக்கிறாள்.

6

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. உண்மையைச் சொல்வதா வேண்டாமா? ரஹீம் வேண்டாம் என்றான். "பெரியக்கா சந்தோசமா இருக்கா. அத ஏன்க்கா கெடுக்க?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அக்கா என்னிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பத்தில் நீ எவ்வளவு சீக்கிரம் என்னைப் பார்த்துவிட்டாய் என்றாள். இங்கே பக்கத்தில் இருக்கும்போது எப்படி அங்கேயும் பார்த்தாய் என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல் பொய் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

கணேசன் அதிகாரியிடம் பேசிப் பத்து நிமிடம் அனுமதி வாங்கித் தந்தார். அக்காவைக் கூட்டிக்கொண்டு படியேறினேன்.

திரைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மார்க்கெட் முக்கைக் கண்டுபிடித்தாள். தான் தினமும் நிற்கும் இடத்தை, மேலிருந்து, முதல் முறையாகப் பார்த்தாள். அங்கே ஒரு ஆடு படுத்திருந்தது. திரும்பி, புருவத்தைத் தொட்டு, நாற்காலியைக் காட்டினாள். நீ உட்காரும் இடம் இதுவா?

இல்லை என்றேன். முத்துலட்சுமியைக் காட்டினேன். இவள்தான். முதல் நாளிலிருந்து இவள்தான். நான் வேறு ஊரில், வேறு தெருவைப் பார்க்கிறேன். நீ சொன்னது ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

அக்காவின் கை அப்படியே நின்றது. வீடியோவில் உறைந்து நிற்குமே, அதுபோல. முத்துலட்சுமி எழுந்து நின்றாள், கண் கலங்கியிருந்தது. "கோவிச்சுக்கிடாதீகன்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

பதிவுகள் முப்பது நாள்தான் இருக்கும், அதற்குப் பிறகு அதன்மேலேயே புதிதாகப் பதிந்துவிடும். அது எனக்குத் தெரியும், எங்கள் அறையிலும் அப்படித்தான். இரண்டு வருடம் அவள் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் போய்விட்டன. நான் அதையும் சொன்னேன்.

அக்கா முத்துலட்சுமியின் பக்கம் திரும்பினாள். பிறகு அருகே போய், அவள் கையைப் பிடித்து, அந்தக் குச்சியின் மேல் வைத்து, ஆட்டிக் காட்டு என்றாள். முத்துலட்சுமி ஆட்டினாள். மார்க்கெட் முக்கு மேலும் கீழும் அசைந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ஒரு குச்சியைப் பிடித்து, முன்னும் பின்னும் இரண்டு முறை தள்ளினாள். பிறகு முத்துலட்சுமியின் நெஞ்சைத் தொட்டாள்.

"என்னதுக்கா அது?"

"உன் பேரு" என்றேன். "உனக்குப் பேரு வச்சிருக்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா உட்கார்ந்தாள், முத்துலட்சுமியையும் உட்காரவைத்தாள். என்னை நடுவில் நிறுத்தினாள். அழிந்துபோயிருந்தால் என்ன, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, முதலிலிருந்து சொல்கிறேன், இவளுக்கும் சொல் என்றாள்.

முதல் நாள் செய்தி அம்மாவைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தபோது என்னால் வர முடியவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கடவுச்சீட்டைக் கொடுத்திருந்தேன். விசா அலுவலகத்தை எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும் தங்கள் அழைப்பு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்து நான்கு நாள் அம்மா படுத்திருந்தார், பேச்சு போய்விட்டது, கடைசியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றுதான் ரஹீம் என்னிடம் சொல்லியிருந்தான்.

சொன்னாள் என்றாள் அக்கா. அதைக் கம்பத்தடியில் உனக்குச் சொல்லிவிட்டேன் என்றுதான் இருந்தேன். இடது கை நன்றாக இருந்தது. இடது கையால் என்னிடம் பேசினாள். மற்றவர்களுக்குக் கை சும்மா அசைவதுபோல் தெரிந்தது. நாலு நாளும் பேசினாள்.

பேச முடியாத மகளுக்காக அம்மா உண்டாக்கிய பேச்சு, அம்மாவுக்கே கடைசியில் மிஞ்சிய பேச்சாக இருந்திருக்கிறது.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

அக்கா இடது கையை மட்டும் எடுத்தாள். அம்மாவைப்போலவே, மெதுவாக, ஒற்றைக் கையால் சொன்னாள். புருவம். அவள் அங்கே தனியாக இருக்கிறாள். நாம் ஒருவருக்கொருவர் இருக்கிறோம், அவளுக்கு அங்கே நம் ஆள் யாரும் இல்லை. நீ தினமும் அவளோடு பேசு. விட்டுவிடாதே.

பேச ஆளில்லாமல் அக்கா தனியாக இருக்கிறாளே என்று அத்தனை வருடமும் அவளை நினைத்து நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெயிலில் வந்து நின்றது என் தனிமைக்காக.

முத்துலட்சுமிக்கும் அதைச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கணேசன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "நான் பாத்துக்கிடுதேன், அவிய பேசட்டும்" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் நாள் செய்திக்குப் போனாள். மார்க்கெட் முக்கில் வாழைத்தார் ஏற்றி வந்த வண்டி ஒன்று குடைசாய்ந்துவிட்டது. ஒருவருக்கும் அடி இல்லை. ஆனால் தெரு முழுக்க வாழைக்காய் உருண்டது, போலீஸ்காரர்கூடக் குனிந்து பொறுக்கினார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் முத்துலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஆமாக்கா! அத நானும் பாத்தேன்!"

அதை நான் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. முத்துலட்சுமி தன் இரண்டு கைகளாலும் அந்த வண்டியை அறையின் நடுவே சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.